பார்க்கன் மைதானத்தில் நின்ற இதயம்: எரிக்சன் நிகழ்வு குறித்த முதலுதவி ஆய்வு

2021 ஜூன் 12, சனிக்கிழமை மாலை. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன யூரோ 2020 கால்பந்துத் தொடரில், கோபன்ஹேகன் நகரின் பார்க்கன் மைதானத்தில் டென்மார்க் அணியும் பின்லாந்து அணியும் ஆடிக்கொண்டிருந்தன. முதல் பாதி முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, டென்மார்க்கின் நடுக்கள வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், பக்கக் கோட்டிலிருந்து தன்னை நோக்கி வீசப்பட்ட பந்தை வாங்கப் போன இடத்தில் தள்ளாடி முகங்குப்புற விழுந்தார். பந்து அவர் காலில் பட்டு விலகியது. அவர் மீது எவரும் மோதியிருக்கவில்லை. அவருக்கு அப்போது வயது 29.

களத்திலேயே அவருடைய இதயத்துடிப்பு நின்றது, களத்திலேயே மீட்கப்பட்டது. ஆறாம் நாள் மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்த அவர், ஒன்பது மாதம் முடிவதற்குள் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு அணிக்காக மறுபடி களமிறங்கினார். இதயம் நின்று திரும்பியவர்களின் கதைகளில் இது மிக நல்ல முடிவு கொண்ட ஒன்று. ஒரு மனிதரின் இதயம் நின்றதையும் அதற்கு அளிக்கப்பட்ட உதவியையும் இத்தனை பேர் நேரலையில் கண்டது மிக அரிது. சிகிச்சையளித்த மருத்துவர்களும் தாங்கள் கண்டதையும் செய்ததையும் அடுத்த சில நாட்களில் வெளிப்படையாக விவரித்திருக்கிறார்கள். முதலுதவியைக் கற்க விரும்புகிறவர் ஊன்றிப் படிக்க வேண்டிய நிகழ்வாக இதை நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஓடிவந்த அணித் தலைவரின் துணிச்சலையும், ஒரே அதிர்வில் இதயத்தை மீட்ட கருவியையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் உரிய மதிப்பு உண்டு. ஆனால் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், எரிக்சன் பிழைத்ததன் மையம் வேறோர் இடத்தில் இருப்பது தெரிகிறது. அவர் மூச்சுவிடுகிறார் என்று கண்ட பிறகும் அவர் பக்கத்தில் இருந்தவர்கள் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஒருமுறை பார்த்து, ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவையே பிடித்துக்கொண்டு நின்றிருந்தால், அடுத்து வந்த மாற்றத்தை அவர்கள் தவறவிட்டிருப்பார்கள்.

விழுந்த விதம் சொன்ன செய்தி

நடுவர் ஆந்தனி டெய்லர் சில நொடிகளுக்குள் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவைக் கையசைத்து அழைத்தார். கால்பந்தில் வீரர்கள் விழுவது வழக்கமான ஒன்று. ஒவ்வொரு விழுதலுக்கும் நடுவர் மருத்துவரை அழைப்பதில்லை. இங்கே அவர் தயங்காததற்கு விழுந்த விதமே காரணமாக இருந்திருக்க வேண்டும். கால் இடறி விழுகிறவர் தன்னையறியாமல் கையை முன்னால் ஊன்றுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். நினைவு போய் விழுகிறவருக்கு அந்தத் தற்காப்பு அசைவுகள் இருப்பதில்லை. கால்கள் துவள, உடல் அப்படியே சரியும். எவரும் மோதாமல் ஒரு விளையாட்டு வீரர் சுருண்டு விழுந்து, கூப்பிட்டும் அசைவற்றுக் கிடந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை இதயத்துடிப்பு நின்றதாகவே கொள்ள வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் இன்று கற்பிக்கப்படும் அடிப்படை விதி. சாலையோரத்திலும் திருமண மண்டபத்திலும் இவ்விதி இப்படியே பொருந்தும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தை விலக்கிக்கொள்வது அவசியம். செய்தித்தாள்கள் இப்படிப்பட்ட நிகழ்வுகளை எல்லாம் 'மாரடைப்பு' என்றே எழுதுகின்றன. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது. அடைபட்டவர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். நெஞ்சை அழுத்துகிறது, தோளுக்கும் தாடைக்கும் வலி பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்று சொல்வார். அவரை நடக்கவிடாமல், வசதியாகச் சாய்த்து உட்கார வைத்து, ஆம்புலன்ஸை அழைத்து, கூடவே இருக்க வேண்டும். கார்டியாக் அரெஸ்ட் எனப்படும் இதயத்துடிப்பு நிறுத்தம் வேறு. அதில் இதயத்தின் மின்னோட்டம் சீர்குலைந்து, கீழறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. இரத்தம் மூளைக்குப் போவது நின்றுவிடுகிறது. சில நொடிகளில் நினைவு போய்விடும். மாரடைப்பு முற்றி இதயத்துடிப்பு நிற்பதும் உண்டு, அடைப்பு ஏதுமின்றி மின்கோளாறால் நிற்பதும் உண்டு. எரிக்சனுக்கு நேர்ந்தது இதயத்துடிப்பு நிறுத்தம். அவருக்குப் பின்னர் பொருத்தப்பட்ட கருவியைப் பற்றி அறிவித்த டென்மார்க் கால்பந்துச் சங்கமும், இதயத் தாளக் கோளாறையே காரணமாகச் சொன்னது.

இதை அறிந்துகொள்ள மருத்துவப் படிப்போ நாடி பிடித்துப் பார்க்கும் தேர்ச்சியோ தேவையில்லை. பயிற்சி இல்லாதவர் நாடி பார்க்க முயன்றால் தன் விரல் நுனியின் துடிப்பையே நோயாளியின் துடிப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் பொதுமக்களுக்கான பாடத்திலிருந்து அந்தப் படியையே நீக்கிவிட்டார்கள். இரண்டு கேள்விகள் போதும். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டால் பதில் வருகிறதா? தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மோவாயை உயர்த்தி, நெஞ்சைப் பார்த்தால் இயல்பான மூச்சு தெரிகிறதா? இரண்டாவது கேள்விக்குப் பத்து நொடிக்கு மேல் செலவிடக் கூடாது. இரண்டுக்கும் விடை 'இல்லை' என்றால் நெஞ்சழுத்தத்தைத் தொடங்க வேண்டும்.

'இயல்பான' என்ற சொல்லில்தான் பலர் தவறுகிறார்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு ஒருவித மூச்சிரைப்பு வரும். தரையில் போட்ட மீனைப் போல வாய் பிளந்து மூடும். தொண்டையிலிருந்து குறட்டை போன்றோ உறுமல் போன்றோ ஒலி எழும். அடுத்தது பல நொடிகள் கழித்தே வரும். அது மூச்சன்று, ஆக்சிஜன் கிடைக்காத மூளைத்தண்டின் கடைசி அனிச்சைச் செயல். அதைக் கண்டு 'மூச்சு இருக்கிறது' என்று ஒதுங்கி நிற்பதால் போகும் உயிர்கள் ஏராளம். இன்னொரு தடுமாற்றம், விழுந்த கணத்தில் கைகால்கள் வெட்டியிழுப்பது. மூளைக்கு இரத்தம் நின்றதும் அரை நிமிடத்துக்குள் இப்படி ஒரு துடிப்பு வரக்கூடும். நம் ஊரில் உடனே 'வலிப்பு' என்று முடிவுகட்டிக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள், வாயிலும் ஊற்றுவார்கள். வலிப்புக்கே இரும்பு உதவாது. நினைவில்லாதவர் வாயில் ஊற்றிய தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போகும். வெட்டியிழுப்பு அடங்கியவுடன் மூச்சைப் பார்ப்பதுதான் செய்ய வேண்டிய வேலை. வலிப்பானால் மூச்சு இயல்புக்குத் திரும்பியிருக்கும், இதயம் நின்றிருந்தால் திரும்பியிருக்காது.

பக்கவாட்டில் கிடந்தவர்

டென்மார்க் அணி மருத்துவர் மார்ட்டன் போசன் தந்த விளக்கமே இந்த நிகழ்வின் மிக முக்கியமான ஆவணம் என்பேன். எரிக்சன் விழுந்ததை அவர் நேரில் கவனித்திருக்கவில்லை. அழைப்பு வந்து ஓடிச் சேர்ந்தபோது எரிக்சன் ஒருக்களித்துக் கிடந்தார்; மூச்சு இருந்தது; நாடியும் தட்டுப்பட்டது. சற்றைக்கெல்லாம் அது திடீரென்று மாறியது. உடனே நெஞ்சழுத்தத்தைத் தொடங்கினார்கள். பின்னர் போசன் செய்தியாளர்களிடம் பேசுகையில், எரிக்சன் போய்விட்டிருந்தார், ஒரே அதிர்வில் திரும்பக் கிடைத்தார் என்ற பொருளில் சொன்னார்.

அணித் தலைவர் சிமோன் கியார் முதலில் ஓடிவந்தவர்களில் ஒருவர். அவரே நெஞ்சழுத்தம் கொடுத்தார் என்றும், எரிக்சன் நாக்கை விழுங்காமல் தடுத்தார் என்றும் அன்றிரவு உலகெங்கும் செய்திகள் பரவின. முதல் செய்தி, மூச்சும் நாடியும் இருந்த நிலையில் தாம் வந்து சேர்ந்ததாகப் போசன் சொன்ன விளக்கத்தோடு பொருந்தவில்லை. இரண்டாவதில் மருத்துவப் பிழை இருக்கிறது. எவராலும் தன் நாக்கை விழுங்க முடியாது. அது வாயின் அடியில் ஒட்டியிருக்கிறது. நினைவிழந்து மல்லாந்து கிடப்பவருக்குத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைக்கும், அவ்வளவே. தலையைச் சாய்த்து மோவாயை உயர்த்தினால் அடைப்பு விலகும். வாய்க்குள் விரலை விட்டு நாக்கைப் பிடித்திழுக்க முயன்றால் விரல் கடிபடலாம், பல் உடையலாம், வாயில் இருப்பது இன்னும் உள்ளே போகலாம். ஒரு நல்ல மனிதரைப் பாராட்டுவதற்காகப் பரப்பிய செய்தி, அடுத்த முறை யாரோ ஒருவரை இந்தத் தவறான செயலுக்குத் தூண்டும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். கியாரும் மற்ற வீரர்களும் செய்தது இதைவிட எளியது, இதைவிடப் பயனுள்ளது: காத்திராமல் அருகே வந்தார்கள், விழுந்தவரைத் தனியே விடவில்லை.

நினைவில்லை, ஆனால் மூச்சு இயல்பாக இருக்கிறது என்றால் ஒருவரைப் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்துவது சரியான முதலுதவி. எச்சிலும் வாந்தியும் வெளியே வழியும், நாக்கு முன்னால் சரியும், மூச்சுவழி திறந்திருக்கும். நம்மை நோக்கியிருக்கும் கையை மேலே மடக்கி வைத்து, தூரத்துக் கையைக் கன்னத்தடியில் கொண்டுவந்து, தூரத்து முழங்காலை மடக்கி நம் பக்கம் இழுத்தால், பருத்த உடலும் எளிதாகத் திரும்பிவிடும். ஆனால் இந்த நிலைக்கு ஒரு குறை உண்டு. மல்லாந்து கிடப்பவரின் நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒருக்களித்துக் கிடப்பவருக்கு, அதுவும் மேலே சட்டை இருக்கையில், அது மங்கலாகவே தெரியும். திருப்பிக் கிடத்தியாயிற்று என்ற நிம்மதியில் கை கழுவ எழுந்து போனவர், தண்ணீர் கொண்டுவரப் போனவர், உறவினருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிக்கொண்டிருந்தவர் ஆகியோருக்கு மூச்சு நின்ற கணம் தெரியாமலே போகும்.

ஆகவே பக்கவாட்டு நிலையில் கிடத்தியவர் முகத்துக்கு எதிரே முழங்காலிட்டு அமர்ந்து, வயிற்றின் மேற்பகுதியில் ஒரு கையை வைத்தபடி, மூச்சின் ஓசையைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஐயம் எழுந்த கணமே மல்லாத்திப் பத்து நொடி பார்க்க வேண்டும். பார்க்கனில் போசனுக்கு மூச்சும் நாடியும் கிடைத்தன. அங்கே அவர் ஆறுதலடைந்து ஸ்ட்ரெச்சரை வரவழைத்துத் தூக்கிப் போகச் சொல்லியிருந்தால், தூக்கிச் செல்லும் வழியில் இதயம் நின்றிருக்கும். அசைந்தாடும் ஸ்ட்ரெச்சர் மீது நல்ல அழுத்தம் கொடுப்பது ஏறத்தாழ இயலாத காரியம்.

அழுத்தமும் அதிர்வும்

நின்ற இதயத்தின் வேலையை வெளியிலிருந்து கைகளால் செய்வதுதான் நெஞ்சழுத்தம். நோயாளி கெட்டியான தரையில் மல்லாந்து இருக்க வேண்டும்; மெத்தைக் கட்டிலில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்சின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைப் பின்னி, முழங்கையை மடக்காமல், தோள் நேர்மேலே வரும்படி குனிந்து, உடல் எடையால் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுவதுமாக மேலெழ விட வேண்டும். அப்போதுதான் இதயத்துக்குள் இரத்தம் நிரம்பும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தங்களுக்கு இரண்டு முறை வாய்வழி மூச்சு தரலாம். பயிற்சி இல்லாதவர் அழுத்தத்தை மட்டும் நிறுத்தாமல் தந்தால் போதும். நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சுத் தடையே பெரும்பாலும் மூலகாரணம் என்பதால், அவர்களுக்கு மூச்சு கொடுப்பதும் முக்கியம்.

கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த வேலை உண்மையில் உடலை உறிஞ்சிவிடும். முதல் நிமிடம் கடந்ததும் அழுத்துபவருக்குத் தெரியாமலேயே ஆழம் குறையத் தொடங்கும். ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும், மாறும்போதும் இடைவெளி விழக் கூடாது. விலா எலும்பு முறியும் ஓசை கேட்கக்கூடும். பலர் அங்கே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். முறிந்த விலா கூடிவிடும். நின்றுபோன இரத்த ஓட்டத்துக்கு அப்படிக் காத்திருக்க நேரமில்லை, நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கும்.

அழுத்தம் நேரத்தை வாங்கித் தரும். நடுங்கும் இதயத்தைச் சீரான தாளத்துக்குத் திருப்ப மின்னதிர்வு தேவை. துடிப்பு நின்ற பின் எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறையும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் அதிர்வு கிடைத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைத்த இடங்களும் உண்டு. பார்க்கனில் மருத்துவக் குழு களத்தின் ஓரத்திலேயே மின்னதிர்வு தரும் டிஃபிப்ரிலேட்டர் கருவியுடன் இருந்ததால் இந்த எல்லைக்குள் அதிர்வைத் தர முடிந்தது. மைதான மருத்துவக் குழுவில் பணியில் இருந்த ஜெர்மானிய மருத்துவர் யென்ஸ் கிளைனெஃபெல்ட், அதிர்வுக்குப் பின் ஏறத்தாழ அரை நிமிடத்தில் எரிக்சன் கண் திறந்ததாகவும், 'எங்களிடம் திரும்பி வந்துவிட்டீர்களா' என்று கேட்டதற்கு, தனக்கு இன்னும் 29 வயதுதான் ஆகிறது என்று ஆதங்கத்தோடு பதில் சொன்னதாகவும் பின்னர் தெரிவித்தார். கேட்டதைப் புரிந்துகொண்டு, தன் வயதை நினைவுகூர்ந்து, தன் நிலையை உணர்ந்து பேசியிருக்கிறார். மூளைக்குப் போன இரத்தம் நெடுநேரம் தடைபடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

பொது இடங்களில் வைக்கப்படும் ஏஇடி எனும் தானியங்கி டிஃபிப்ரிலேட்டர் கருவி இதே வேலையைப் பயிற்சியற்றவர் கையாலும் செய்யும்படி அமைக்கப்பட்டது. இயக்கியதும் அதுவே பேசும். ஒரு பட்டையை வலப்பக்கக் காறையெலும்புக்குக் கீழும், மற்றொன்றை இடப்பக்க அக்குளுக்குக் கீழும் வெறும் தோலில் ஒட்ட வேண்டும்; நெஞ்சு வியர்வையால் நனைந்திருந்தால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். கருவி இதயத் தாளத்தை ஆராய்ந்து, அதிர்வு தேவைப்படும் தாளமாக இருந்தால் மட்டுமே அதிர்வுக்கு அனுமதிக்கும். ஆகவே தவறாக ஒருவருக்கு மின்னதிர்வு கொடுத்துவிடுவோமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஆராயும்போதும் அதிர்வின்போதும் எவரும் நோயாளியைத் தொடக் கூடாது. அதிர்வு முடிந்த கணமே மறுபடி அழுத்தம்.

சுற்றி நின்றவர்கள்

டென்மார்க் வீரர்கள் எரிக்சனைச் சுற்றி வட்டமாக, முதுகை அவர் பக்கமும் முகத்தைக் கூட்டத்தின் பக்கமும் வைத்து நின்றார்கள். சிலர் அழுதுகொண்டே நின்றார்கள். பின்லாந்து ரசிகர்கள் தங்கள் கொடிகளைத் தந்து, ஸ்ட்ரெச்சருடன் நகர்ந்தவர்களுக்கு மறைப்பாக்கினார்கள். களத்துக்கு வந்த எரிக்சனின் துணைவியைக் கியாரும் கோல் காப்பாளர் காஸ்பர் ஷ்மைக்கேலும் தேற்றினார்கள்.

இதைப் பண்பாடு என்று மட்டும் பார்ப்பது போதாது. உயிர்மீட்பு நடக்கும் இடத்தில் கூட்டத்தை விலக்குவதும், பதறும் உறவினரை ஒருவர் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையின் பகுதிகள். நம் தெருக்களில் ஒருவர் விழுந்தால் 'காற்று விடுங்கப்பா' என்று நான்கு பேர் கத்துவார்கள். ஆனால் ஒருவரும் விலக மாட்டார்கள், ஆளுக்கொரு கைப்பேசி உயரும். அங்கே ஒருவர் நிலைமையைக் கையிலெடுத்து, ஆளைச் சுட்டி வேலையைப் பிரித்துத் தர வேண்டும். 'யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க' என்றால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பண்ணுவார் என்று நிற்பார்கள். 'நீலச் சட்டை அண்ணா, நீங்க 108-க்குப் போன் பண்ணி ஸ்பீக்கர்ல போடுங்க. அக்கா, நீங்க தெருமுனையில நின்னு வண்டிக்கு வழி காட்டுங்க' என்றால் வேலை நடக்கும். இலங்கையில் அதே அழைப்பு 1990-க்குப் போக வேண்டும்.

இரண்டு முன்நிகழ்வுகள்

2003 ஜூன் 26 அன்று பிரான்ஸின் லியோன் நகரில், கான்ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் கொலம்பியாவுக்கு எதிராக ஆடிய கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ, 72-வது நிமிடத்தில் நடுக்கள வட்டத்தில் விழுந்தார். அவரையும் எவரும் தொட்டிருக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுசெல்லப்பட்டார்; சுமார் 45 நிமிடம் முயன்றும் அவரை மீட்க முடியவில்லை. வயது 28. இதயத் தசை தடிக்கும் பிறவிக் கோளாறு இருந்தது பின்னர் தெரிந்தது. கால்பந்து உலகம் இதயப் பரிசோதனைகளையும் களத்து அவசரச் சிகிச்சையையும் ஆழ்ந்து சிந்திக்கத் தொடங்கியதில் இந்த மரணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. விழுந்த இடத்திலேயே அதிர்வு கொடுக்க வேண்டும் என்பது இன்று களத்து மருத்துவத்தின் நடைமுறை; ஃபோவின் இறுதி நிமிடங்களை எரிக்சனின் நிமிடங்களோடு வைத்துப் பார்ப்பவருக்கு அந்த நடைமுறை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

2012 மார்ச் 17 அன்று லண்டனில் போல்டன் அணியின் ஃபாப்ரிஸ் முவாம்பா விழுந்த நிகழ்வு இன்னொரு பாடம். அவருடைய இதயம் 78 நிமிடங்கள் தானாகத் துடிக்கவில்லை. 15 அதிர்வுகள் தேவைப்பட்டன. பார்வையாளராக வந்திருந்த இதய மருத்துவர் ஆண்ட்ரூ டீனர் களத்துக்குள் இறங்கி உதவினார். அவ்வளவு நேரத்துக்குப் பிறகும் முவாம்பா பிழைத்து எழுந்தார், அவருடைய மூளையும் தப்பியது. இடைவிடாத நல்ல அழுத்தம் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு இதைவிட வலுவான சான்றை நான் காணவில்லை. 'பத்து நிமிடமாகிவிட்டது, இனி என்ன' என்று கைவிடும் முடிவு மருத்துவரும் ஆம்புலன்ஸ் பணியாளரும் எடுக்க வேண்டியது, வழிப்போக்கர் எடுக்க வேண்டியதன்று.

எரிக்சனுக்குப் பரிசோதனைகள் குறைவில்லை. அவர் முன்பு ஆடிய டோட்டன்ஹாம் அணிக்காக அவருடைய இதயத்தைச் சோதித்துவந்த லண்டன் இதய மருத்துவர் சஞ்சய் சர்மா, ஆண்டுதோறும் முடிவுகள் இயல்பாகவே இருந்தன என்று கூறினார். ஈசிஜி சரியாக இருந்தால் கவலையில்லை என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பரிசோதனை ஒரு வலைதான். அதில் சிக்காத ஆபத்தை எதிர்கொள்ள, விழும் இடத்தில் தெரிந்த கைகள் இருக்க வேண்டும்.

மைதானத்துக்கு வெளியே டென்மார்க்

களத்தோரம் மருத்துவர்கள் காத்திருக்கும் வாய்ப்பு சாதாரண மனிதருக்கு வாய்ப்பதில்லை என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு விடையும் அதே நாட்டில் இருக்கிறது. டென்மார்க்கில் 2001-இல் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், அருகிலிருந்தவர்களால் நெஞ்சழுத்தம் பெற்றவர்கள் சுமார் 21 விழுக்காடு. 2010-இல் அது சுமார் 45 விழுக்காடு. அதே காலத்தில் முப்பது நாள் கடந்து உயிரோடிருந்தவர்களின் பங்கு சுமார் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. ஆம்புலன்ஸ் சேவையும் மருத்துவமனைச் சிகிச்சையும் மேம்பட்டதும் இதில் சேர்த்தி என்றாலும், 2005-இல் பள்ளிகளிலும், 2006 முதல் ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் உயிர்மீட்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய முடிவு இதன் பின்னணியில் இருக்கிறது. உரிமம் வாங்க வரும் பதினெட்டு வயதுக்காரர் பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகாமல் வண்டி ஓட்ட முடியாது. தமிழ்நாட்டில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்குகிற லட்சக்கணக்கானவர்களை நினைக்கும்போது, இவ்வளவு மலிவான, இவ்வளவு உடனடிப் பயன் தரும் பொதுச் சுகாதார நடவடிக்கை வேறில்லை என்று உறுதியாகத் தோன்றுகிறது.

உதவப் போனால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்ற அச்சம் நம்மிடம் இருக்கிறது. சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுபவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்ட வலு தந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவிலும் அது இடம்பெற்றுவிட்டது. பெயரைச் சொல்லும்படி உதவியவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

பின்விளைவுகள்

எரிக்சன் கோபன்ஹேகனின் ரிக்ஸ்ஹாஸ்பிடலெட் மருத்துவமனைக்கு நினைவோடு கொண்டுசெல்லப்பட்டார். தோலுக்கடியில் ஐசிடி கருவி பொருத்தப்பட்டது. இதயத் தாளம் மீண்டும் குலைந்தால் அதுவே உள்ளிருந்து அதிர்வு தரும். இத்தாலிய விதிகள் அக்கருவியுடன் ஆட அனுமதிக்காததால், 2021 டிசம்பரில் இன்டர் மிலான் அணியுடனான ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. 2022 பிப்ரவரி 26 அன்று அவர் பிரென்ட்ஃபோர்டுக்காக ஆடினார்; 2024 யூரோவில் சுலோவேனியாவுக்கு எதிராகக் கோல் அடித்தார். தான் ஐந்து நிமிடம் இவ்வுலகில் இல்லை என்று ஒரு பேட்டியில் அவர் குறிப்பிட்டிருக்கிறார்; பந்து காலில் பட்டதுவரை நினைவிருக்கிறது, அதன்பின் எதுவுமில்லை என்பது அவர் கூற்று.

உதவியவர்கள் பட்ட பாட்டைப் பற்றிக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. எரிக்சன் நலமாக இருக்கிறார் என்ற செய்தி வந்ததும், அன்றிரவே ஆடி முடிப்பதா, மறுநாள் நண்பகலில் ஆடுவதா என்ற இரண்டு வழிகள் மட்டுமே அணிகளுக்கு முன் இருந்தன. 8.30 மணிக்கு ஆட்டம் தொடர்ந்தது; பின்லாந்து 1-0 என வென்றது. கியார் 63-வது நிமிடத்தில் வெளியேறினார். அவர் ஆழமாகப் பாதிக்கப்பட்டிருந்தார், ஆட முயன்றும் முடியவில்லை என்று பயிற்சியாளர் காஸ்பர் யூல்மன் விளக்கினார். வீரர்களை அன்று மறுபடி களமிறக்கியிருக்கக் கூடாது என்றும் மறுநாள் சொன்னார். யூல்மன் சொன்னது முழுக்கச் சரி. ஒரு நண்பரின் உயிர் ஊசலாடியதைச் சில அடி தூரத்தில் நின்று பார்த்தவர்களின் கைநடுக்கமும் மனக்கலக்கமும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அடங்கிவிடாது. டென்மார்க் சங்கம் வீரர்களுக்கு உளவியல் உதவியை ஏற்பாடு செய்தது.

பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவருக்கு நெஞ்சழுத்தம் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் மனிதருக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. விழுந்தவர் பிழைத்தாரா என்பதுகூடப் பெரும்பாலும் அவருக்குத் தெரிவதில்லை. சரியாகச் செய்தும் பிழைக்காதவர்களே எண்ணிக்கையில் அதிகம் என்பதை முன்கூட்டியே சொல்லித்தராவிட்டால், அவர் அந்த மரணத்தைத் தன் கைகளின் குறையாக எண்ணிச் சுமப்பார். அன்றிரவு அவரைத் தனியே விடாமல் ஒருவர் உடனிருப்பதும், நடந்ததைப் பயிற்றுநரிடமோ மருத்துவரிடமோ அவர் ஒருமுறை முழுமையாகப் பேசித் தீர்ப்பதும், வாரக்கணக்கில் தூக்கமின்றி அக்காட்சியே திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரை நாடுவதும் முதலுதவி வகுப்புகளில் அழுத்தத்தின் ஆழத்தோடும் வேகத்தோடும் சேர்த்தே சொல்லித்தரப்பட வேண்டும்.